தலைமையாசிரியரின் தாய்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் மொன்றியலில் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, ரொக்ஸ்பரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். நூற்றிருபது கதிரைகள் போட்டோம். நான் எண்ணினேன். இரண்டாம் முறை நூற்றுப் பத்தொன்பதுதான் வந்தது, ஆகவே மூன்றாம் முறையும் எண்ணவேண்டியதாயிற்று. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு இது ஒரு வியாதி. வடை போதுமா, மைக் வேலை செய்யுமா, பனி கொட்டி ஆட்கள் வராமல் விட்டுவிடுவார்களா என்று விடியற்காலையிலிருந்தே மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைய சிறப்பு விருந்தினர் எங்கள் பழைய தலைமையாசிரியரின் மகள். தலைமையாசிரியர் வேல்ஸ் தேசத்தவர். முப்பதுகளில் எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், யுத்தம் தொடங்கியதும் பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார். யுத்தம் முடிந்து மேஜராகத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். எனக்கு முதல் ஆசிரிய நியமனம் தந்தவர் அவர்தான். அவரை நாங்கள் பெரிய சேர் என்போம். எங்கள் பழைய மாணவர் சங்கத்து ஐம்பத்தாறு பேரில் அவரை வெள்ளைக்காரப் பிரபு வம்சத்தவர் என்று நம்பாதவர் ஒருவரும் இல்லை. அந்த நடையும் அந்தக் குரலும் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

அவருடைய மகள் மொன்றியலிலேயே, இல்-பிசாரில், நாற்பது வருடமாக வாழ்ந்துவந்திருக்கிறார். எங்களில் எவருக்கும் தெரியாது. என் மகள் வேலை செய்த நூலகத்துக்கு வந்து, தன் குடும்ப வரலாற்றை எழுதப்போவதாகவும் இலங்கையின் பழைய வரைபடம் வேண்டுமென்றும் அவர் கேட்டிருக்கிறார். மகள் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தின் பெயர் வெளிவந்தது. அன்றிரவு அவள் அதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நாட்களில் என் மகளும் நானும் ஒழுங்காகக் கதைத்தது அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவள் விரும்பிய பையன் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தான், பொறியியலாளன், சிகரெட் கூடத் தொடாதவன். அவனுடைய தாயும் தகப்பனும் தட்டில் பழங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தகப்பனும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எனக்கு ஐந்து வகுப்புக் கீழே. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கார் திரும்புமுன் நான் தொலைபேசியை எடுத்துவிட்டேன். ரொறன்ரோ, லண்டன், கொழும்பு, மூன்று இடத்தில் விசாரித்தேன். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான்: பையனின் அப்பப்பா ஊரில் வீடு வீடாகத் துணி எடுத்து வெளுத்தவர். எங்கள் வீட்டுத் துணியும் அதில் இருந்திருக்கும்.

மகளிடம் சாதி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. படித்தவன் அல்லவா? "எங்களுக்குச் சரிவராது" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு அந்தப் பெற்றோரும் வந்திருந்தார்கள். பழைய மாணவர், வராமல் எப்படி? ஐந்தாவது வரிசையில் ஓரமாக இருந்தார்கள். என் மகள் அவர்களுக்குப் பின் வரிசையில் போய் இருந்தாள். நான் அதைக் கண்டும் காணாதவன்போல மேடைக்கு ஏறினேன்.

வரவேற்புரை என்னுடையது. உயர்ந்த குடும்பத்தில் பிறந்து, கடல் கடந்து வந்து, ஊரார் எதிர்த்தபோதும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் படிப்பித்த மகான் என்று பெரிய சேரைப் புகழ்ந்தேன். ஒரே வாங்கு என்ற இடத்தில் நன்றாகக் கை தட்டினார்கள். ஐந்தாவது வரிசையிலும் தட்டினார்கள். எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. இன்று அதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விருந்தினர் மெலிந்த, உயரமான மனுஷி. ஆங்கிலத்தில் பேசினார். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் விளங்கவேண்டுமென்று, அவர் இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்த நான் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. முதலில் நன்றி சொன்னார். சொன்னேன். பிறகு, தன் தகப்பனைப் பற்றி எங்கே பேசினாலும் முதலில் இதைச் சொல்லவேண்டும் என்பது தகப்பனே கேட்டுக்கொண்ட காரியம் என்றார். பெரிய சேரின் தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்துபோனார். தாய் சுரங்கத் தொழிலாளர்களின் அழுக்குத் துணியை வீடு வீடாக எடுத்துத் துவைத்துக் கொடுத்து, அந்தக் காசில் அவரைப் படிக்கவைத்தார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நிறுத்தினார்.

என் வாயில் வந்தது இது: "பெரிய சேர் சிறு வயதில் தகப்பனை இழந்தவர். தாயார் மிகுந்த சிரமப்பட்டு அவரை வளர்த்தார்."

பையனின் குடும்பத்தை நினைத்து நான் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கணத்தில் அவர்கள் என் நினைவில் இல்லை. பெரிய சேரின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன். ஊர் கூடிய சபையில், விருந்துக்கு வந்த பெண் அறியாமல் தன் குடும்பத்து வெட்கத்தை வெளியில் எடுத்து வைக்கிறாள், நான் மூடிவிடுகிறேன் என்று.

மண்டபத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் தெரியும். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் இருந்த பொருளாளர், என் பழைய மாணவன், சத்தமாகவே சொன்னான்: "மாஸ்டரின்ர கணக்கில இண்டைக்கு ஒண்டு குறையுது." சிலர் சிரித்தார்கள்.

என் மகள் எழுந்து நின்றாள்.

"அப்பா, அவ சொன்னதில ஒண்டை விட்டிட்டியள்."

"அது அவ்வளவு முக்கியமில்லை, பிள்ளை. பேந்து சொல்லுறன்" என்றேன். மைக் என் வாய்க்கு அருகில் இருந்தது. கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது.

ஐந்தாவது வரிசையில் பையனின் தாய் கணவனிடம் குனிந்து ஏதோ கேட்டார். ஆங்கிலம் தெரியாதவர். கணவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மேடைக்கு வந்தாள். என்ன நடந்தது என்று விருந்தினர் கேட்டார். அவள் ஆங்கிலத்தில் இரண்டு வரியில் சொன்னாள். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். பிறகு சபையைப் பார்த்து மீதியையும் சொன்னார், என் மகள் தமிழில் சொன்னாள், நான் கீழே இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

"என்ர அப்பாவின்ர அம்மா ஊரார்ட ஊத்தை உடுப்புத் தோய்ச்சவ" என்று, விருந்தினர் சொன்னதை அவர் சொன்னபடியே, மகள் தொடங்கினாள். பட்டாளத்தில் மற்ற அதிகாரிகளோடு ஒரே மேசையில் சாப்பிட்ட காலத்தில், தாய் என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்குப் பெரிய சேர், அவர் பள்ளிக்கூட ஆசிரியை என்று சொல்லியிருக்கிறார். தாயின் படத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். அவர் பர்மாவில் இருந்தபோது தாய் இறந்துபோனார். செய்தி ஆறு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. கூட இருந்தவர்கள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்காக அனுதாபம் தெரிவித்தார்கள். தன் தாய்க்கு ஒருவரும் துக்கம் விசாரிக்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் யுத்தம் முடிந்து எங்களிடம் திரும்பி வந்ததும், வாங்கு விஷயத்தில் ஊராரோடு மல்லுக்கு நின்றதும் அதற்குப் பிறகுதான்.

மகளின் குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. ஒரு வாக்கியத்தையும் விடவில்லை. நான் கூடவே எண்ணிக்கொண்டு நின்றேன். அதுவாவது செய்யத் தெரிந்திருந்தது.

வடை மிஞ்சியது. பையனின் பெற்றோர் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வாசலில் குவிந்துகிடந்த பனிச் சப்பாத்துகளுக்குள் தங்களுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன், கிட்டப் போகவில்லை. மகள் அவர்களோடு கார்வரைக்கும் போனாள்.

வீடு திரும்பும்போது மகள்தான் காரை ஓட்டினாள். எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது மனைவி சொன்னாள்: "உங்கட பேச்சு நல்லாத்தான் இருந்தது. நீங்கள் மற்றவையின்ர பேச்சைத் தொடாமல் விட்டிருக்கலாம்."

அடுத்த நாள் பின்னேரம் நானே அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். மகளிடம் கேட்கவில்லை. பையனின் தாய் எடுத்தார். எனக்குச் சம்மதம், எப்போது வசதியோ அப்போது வாருங்கள், அல்லது நாங்கள் வருகிறோம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சம்மதம் என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் அசிங்கம் எனக்கே கேட்டது.

அந்த அம்மா மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மாஸ்டர், உங்கட பிள்ளை எங்கட வீட்டுக்கு வாறது எங்களுக்குச் சந்தோசம். அதில மாற்றமில்லை. நீங்கள் வாறதைப் பற்றித்தான் இவர் யோசிக்கிறார்."

நான் ஓம் என்றேன்.

"பேந்து எடுக்கிறம்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் போனது. தொலைபேசி அடித்தால் என் மனைவி என்னை எடுக்க விடுவதில்லை. என் குரலைக் கேட்டால் அவர்களுக்கு மனம் மாறிவிடும் என்றாள். அவர்கள் அழைத்தபோதும் அவள்தான் எடுத்தாள். மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், நாங்கள் கேட்கவேண்டிய ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அப்ப இவரையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?" என்று கேட்டாள். நான் சமையலறை வாசலில் நின்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் யாரையோ கேட்டுவிட்டு வந்து சொல்லும் அளவுக்கு நேரம் எடுத்தார்கள். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, ஓம் என்று தலையை ஆட்டினாள்.