பள்ளி நேரத்து லோடு

எங்கள் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மை முழுதாக ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். அச்சில் வார்ப்பது ஒரு கம்பெனி, வேகவைக்கும் சூளை இன்னொருவருடையது, வண்ணம் தீட்டுவது வேறொரு கொட்டகை. விருத்தாசலத்தில் இது யாருக்கும் புதிதல்ல. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் வார்ப்புக் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்தேன். பெயர்தான் மேலாளர். எந்த வேலையை யாரிடம் கொடுத்துவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம் என்று பார்ப்பதுதான் என் வேலை. அதில் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

சூளையிலிருந்து பொம்மைகளைக் கொண்டுவர ஓர் ஆட்டோக்காரரை வைத்திருந்தோம். குலுங்காமல் ஓட்டுவார். வைக்கோல் பரப்பி, பொம்மைகளைப் பதித்து, பள்ளம் பார்த்து வருவார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் இரண்டாம் வகுப்பு படித்த என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வரும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தேன். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக இன்னும் சில பிள்ளைகள் அதில் போனார்கள். பள்ளியிலிருந்து திரும்பும் மகளின் பாவாடையில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்கும். மனைவி தட்டிவிட்டுச் சிரிப்பாள்.

அன்று ஒரு வெளியூர் லாரி எங்கள் வாசலில் நின்றது. சரக்கு பாதிதான் ஏறியிருந்தது. மீதி சூளையில். லாரி டிரைவர் கிளம்பிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், இது ஸ்கூலு டைம் சார். புள்ளைங்களை வுட்டுட்டு வந்துடறேன்."

"லாரி நிக்காதுப்பா. புள்ளைங்களுக்கு வேற யாரையாவது அனுப்பிட்டு நீ சூளைக்குப் போ."

"ஆட்டோ ஸ்டாண்டுல புது ஆளுதான் சார் இருக்காரு. கருவேப்பிலங்குறிச்சிக்காரரு. இங்க வூடெல்லாம் தெரியாது."

"புள்ளைங்களே வழி சொல்லிடும். நீ போ."

'புள்ளைங்க' என்று நான் சொன்னபோது என் மனதில் இருந்தவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களுள் என் மகளும் உண்டு என்பது, நம்பினால் நம்புங்கள், எனக்குத் தோன்றவே இல்லை.

சரக்கு வந்தது. ஆட்டோவிலிருந்து பொம்மைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன்.

"ஏங்க, பாப்பா இன்னும் வரல. மத்த புள்ளைங்கல்லாம் வந்துட்டாங்களாம்."

போனைக் காதில் வைத்தபடியே ஆட்டோக்காரரைப் பார்த்தேன். கையில் வைக்கோலோடு அவரும் என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் போய்ப் பாக்கறேன்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன்.

புது ஆளைப் பஸ் ஸ்டாண்டு அருகே பிடித்தோம். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒரு பாப்பா இருந்துச்சுங்க. வூட்டு வழி சொல்லத் தெரியல. அப்பா எங்கன்னு கேட்டேன், செராமிக்குன்னுச்சு. அந்தக் கேட்டாண்ட எறக்கி வுட்டேன். உள்ள ஓடிடுச்சு."

பேட்டையில் எல்லா வாசலும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். சூளைகளைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றின் வாயருகிலும் எட்டிப் பார்த்தேன். லாரிகள் பின்பக்கமாக வரும்போது டிரைவருக்குக் கீழே எதுவும் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காவலாளி, பிள்ளை என்ன கலர் சட்டை என்று கேட்டார். சீருடையா, கலர் டிரஸ்ஸா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் சொன்னார்: "செவப்பு ரிப்பன். நீல டிபன் பை."

கோடியில் இருந்த வண்ணக் கொட்டகையில், தரையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்த பெண்களின் நடுவே அவள் பன் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அழ ஆரம்பித்தாள். அதுவரை அழவில்லையாம்.

"நீங்கதான் அப்பாவா?" என்றார் ஒரு பெண். "அப்பா பொம்ம கம்பெனின்னுது. இங்க எது சார் பொம்ம கம்பெனி இல்ல? ஆட்டோவுல ஏத்தி வுட்டா வேல முடிஞ்சிதுன்னு இருந்துட்டீங்க போல."

மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் எனக்குத் தலை நிமிரவில்லை.

திரும்பும்போது மகள் என் மடியில் இருந்தாள். ஆட்டோக்காரர் திரும்பாமலே பேசினார். "நீங்க கூப்பிட்டதை அக்காகிட்ட சொல்ல வேணாம் சார். வூட்டுல சண்ட வரும். நான் பாத்துக்கறேன்."

அந்தப் பழி உனக்கு வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன். மடியிலிருந்த மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் மனைவி மகளை வாங்கி அணைத்துக்கொண்டாள். வெளி லோடு ஒன்றுக்குப் போய்விட்டதாக ஆட்டோக்காரரே முந்திக்கொண்டு சொன்னார்; அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எவனுக்கோ லோடு அடிக்கப் போயிட்டு எம்புள்ளைய நடுரோட்டுல வுட்டிருக்க. புள்ளைங்களும் உனக்கு லோடுதானா?"

"தப்புதாங்க்கா" என்றார் அவர். தெருவே நின்று பார்த்தது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மனைவியிடம், "உள்ள வா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மறுநாளே தெருவில் எல்லோரும் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். அவள் டியூஷனிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். சொந்தக்காரர்கள் வந்தால் மனைவி இன்னமும் அந்தக் கதையைச் சொல்கிறாள். முடிக்கும்போது என் பக்கம் திரும்புவாள்.

"ஏங்க, அந்த ஆளு யாருக்கு லோடு அடிக்கப் போனான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லல்ல?"

"இல்ல" என்பேன்.

அப்போது மகளும் அங்கேதான் இருப்பாள். அவள் இருக்கும் பக்கம் நான் பார்ப்பதில்லை.