கோமதியின் போனில் இருந்த பதில்

எங்கள் டாக்ஸி ஒர்க்‌ஷாப்பில் செத்துக் கிடந்தது. என் ஓரகத்தி கோமதியின் காரில் புதுப் பம்பர் மின்னியது. எங்கள் ஊர் பழவங்காடி கோயில் கணபதி எனக்கு இரங்கிய கதையை அந்த வயிற்றெரிச்சலிலிருந்துதான் தொடங்க வேண்டும், சகோதரிகளே.

அவள் புருஷன், என் கொழுந்தனுக்கு, ஆரியசாலை கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை. எங்களுக்கு அந்த டாக்ஸிதான் சோறு போடுகிறது. கோமதி புதுக் கார் வாங்கிய நாளே அவள் ஸ்டேட்டஸ் என் கண்ணில் படாதபடி போனில் மறைத்துவிட்டேன். பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

போன ஓண விடுமுறையில் இரண்டு வண்டியிலும் பொன்முடி மலைக்குப் போனோம். கோமதி வழியெல்லாம் தன் காரையே வீடியோ எடுத்தாள். திரும்பும்போது மலையடிவாரத்துக் கல்லாற்றில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். முன்னால் போன கொழுந்தன் சட்டென்று பிரேக் போட, என் வீட்டுக்காரர் ஓட்டிய டாக்ஸி மெதுவாக இடித்தது. அவர்கள் பம்பரில் கீறல், எங்கள் பம்பரில் சின்ன நசுங்கல், அவ்வளவுதான். ஆனால் ஊர் வந்து சேர்வதற்குள் எங்கள் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. உள்ளே ரேடியேட்டர் உடைந்திருந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இது பழைய லீக் ஆணு, சேச்சி. பம்பருக்கு மாத்திரம் தரலாம்" என்றார். கோமதியின் கிளைம் ஒரு கேள்வியும் இல்லாமல் பாஸானது. என் வீட்டுக்காரர், வண்டியை விற்றுவிட்டு யாருக்காவது டிரைவராகப் போகிறேன் என்றார். நான் உடைந்து அழுதேன்.

தினமும் பழவங்காடியில் போய் நின்றேன். வேண்டினேன் என்று எப்படிச் சொல்வது? சண்டைதான் போட்டேன். "அவளுக்குக் கொடுத்தியே, எனக்கு ஏன் இல்லே?" ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி ஓடினால் தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கையில் தேங்காயோடு கோமதி! பம்பர் மாற்றியதற்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சையாம். சந்நிதியிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டி எந்தாச்சு, அக்கா?" என்றாள். சொன்னேன்.

"பழைய லீக்கா? அய்யோ, நான் ஸ்டேட்டஸ்ல இட்ட கல்லாறு வீடியோ நீங்க கண்டில்லையா? ஊரே கண்டுச்சே!"

போனை நீட்டினாள். டீக்கடை வாசலில் அவள் கார் பளபளக்கிறது. பின்னால் எங்கள் டாக்ஸி. அதன் அடியில் தரை காய்ந்து கிடக்கிறது. அவள் ஏறாமல் நின்று எடுத்திருக்கிறாள்; வண்டிகள் நகர்கின்றன, எங்கள் டாக்ஸி டொக்கென்று இடிக்கிறது. கோமதி தன் கார்க் கீறலைக் காட்டப் போனோடு கிட்டே போகிறாள். ஓரத்தில், எங்கள் வண்டியின் மூக்கிலிருந்து ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் சொட்டுகிறது. என் பிள்ளையாரே! பதிலை அவள் போனிலா வைத்தாய்?

அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்; சர்வேயர் வீடியோவை இரண்டாம் முறை ஓட்டச் சொன்னார். பிறகு, "செரி சேச்சி, இடியிலே போயதுதான்" என்றார். பணம் கிடைத்தது, எங்கள் வண்டி மறுபடி ஓடுகிறது. இப்போது காலையில் முதலில் கோமதியின் ஸ்டேட்டஸைத்தான் பார்க்கிறேன். வயிறு எரியத்தான் செய்கிறது, ஆனாலும் பார்க்கிறேன்.

உங்களுக்கும் கஷ்டம் இருந்தால் வந்து அவரிடம் சண்டை போடுங்கள். என்னைப் போன்ற பொறாமைக்காரிக்கே இரங்கியவர் உங்களைக் கைவிடுவாரா?

நேர்ச்சை தீர்க்கப் போனபோது கோமதிக்கும் சேர்த்து ஒரு தேங்காய் வாங்கினேன். எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். என்னுடையது இரண்டாக மட்டும் உடைந்தது. அவளுக்காக எறிந்தது சுக்குநூறாகச் சிதறியது. "பிள்ளையாரே, இதிலுமா?" என்று கேட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டேன்.