தண்ணீர் பிடிக்காத பம்பு

என் மகள் பவளம் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல என்னை நைனா என்று கூப்பிடுகிறாள். இதைப் படிக்கும் ரங்கூன் நண்பர்கள் சிரிப்பார்கள். திருவொற்றியூருக்கு வந்த புதிதில் நானும் சிரித்தேன். போன மாதம் வரைக்கும் விடிகாலையில் அந்தக் குரல் கேட்டால், பக்கத்து வீட்டுப் பெண் தன் தகப்பனை எழுப்புகிறாள் என்று எண்ணிக் கண்ணை மூடியே கிடப்பேன். அவள் பிறந்தது ரங்கூனில். யுத்தத்தின்போது நடந்தே வந்தவர்கள் நாங்கள். அவள் அம்மாவைக் காய்ச்சல் மலைப்பாதையிலேயே கொண்டுபோய்விட்டது. பெயர் தெரியாத ஓர் ஆற்றைக் கழுத்தளவுத் தண்ணீரில் கடந்தபோது, தோள்மேல் இருந்த குழந்தையின் கால்களைப் பிடித்த பிடி இன்னும் என் விரல்களில் இருக்கிறது. எனக்கு நீந்தத் தெரியாது.

அப்படிப்பட்டவனுக்கு எண்ணூரில் ஒரு கம்பெனி கிளப்பின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சுதந்திரம் வந்த பிறகும் அதில் குளிப்பவர்கள் துரைகளும் அவர்கள் குடும்பமும்தான். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடிச் சிமெண்டுத் தொட்டியில் மிதக்கிறார்கள். மத்தியான வெயிலில் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும்.

போன மாதம் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. இறைத்துக் கொட்ட வேண்டும். பம்பு தண்ணீர் பிடிக்கவில்லை. அதன் வயிற்றில் காற்று இருந்தால் சும்மா சுற்றுமே தவிர இழுக்காது. மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஊற்றியதெல்லாம் எங்கோ இறங்கிப் போயிற்று. குளத்தின் அடியில் குழாய் நுனியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் ஃபுட்வால்வு மூடவில்லை என்று அர்த்தம்.

பம்பு ஓட்டுகிற ஏழுமலை பக்கத்துக் குப்பத்துக்காரர். சாணியைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபட்டுப் பிடித்துக்கொள்ளும் என்றார். அந்தச் சாணி குளத்துக்குள் அல்லவா இறங்கும் என்றேன். “எறங்கட்டுமே அண்ணாத்தே, தொர மூக்கப் புடிச்சிகினு நீஞ்சட்டும். ஏன், உங்க ரங்கூன்ல பம்புக்கு மந்திரம் ஓதுவாங்களா?”

ரங்கூன் அரிசி மில்லில் மந்திரம் இல்லை, வழக்கம் உண்டு. ஊற்றும் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். தண்ணீரில் இறங்குகிறவன், யாரும் மோட்டாரை ஓட்டிவிடாதபடி அதன் பீஸ் கட்டையைப் பிடுங்கி லுங்கியில் முடிந்துகொண்டுதான் இறங்குவான். தன் உயிரைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்வது போல. இங்கே எப்படி என்று நான் கேட்கவில்லை. உலகத்துப் பம்புகளுக்கெல்லாம் ஒரே வழக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

சுவருக்குப் பின்னால் பம்பு அறையில் ஏழுமலையைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கக் குளக்கரைக்கு வந்தேன். சாப்பாடு கொண்டுவந்த பவளம் கரையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“வால்வுல இன்னாவோ மாட்டிகினு கீது நைனா. நான் பாத்துட்டு வரேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். குப்பத்துப் பெண்களோடு கடலில் நீந்தப் பழகியிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பச்சை நீருக்குள் அவள் உருவம் கலங்கலாக அசைந்தது. வால்வின் சல்லடை ஒரு பக்கம் பிய்ந்திருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பிளவுக்குள் கையை விட்டாள். சுவருக்கு அப்பால் மோட்டார் ஓடத் தொடங்கியது.

நான் கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுடைய பின்னல் அவிழ்ந்து, குழாய்வாய்க்கு மேலே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எந்தப் பக்கமும் போகவில்லை. பம்பு அப்போதும் பிடிக்கவில்லை. காலையிலிருந்து நான் திட்டிக்கொண்டிருந்த காற்று அதன் வயிற்றில் அப்படியே இருந்தது.

அவள் மேலே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு வேப்பங்கொட்டை. “இன்னா நைனா, ஏன் இப்டி நிக்கற?”

ஓடிப்போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். என் பின்னாலேயே ஈரம் சொட்ட வந்து நின்ற பவளத்தைப் பார்த்ததும் ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஊத்திகினே ஓட்டுனாத்தான் புடிக்கும், எப்பவும் அப்டித்தான் அண்ணாத்தே. பாப்பா உள்ள கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?” அவர் சொன்னது உண்மை. அவளைத் தலை துவட்டச் சொல்லி அவரே துண்டைக் கொடுத்தார்.

பிறகு குமிழி நிற்கும்வரை காத்திருந்து ஓட்டினோம். உடனே பிடித்துக்கொண்டது. மிதந்துகொண்டிருந்த வேப்பிலை ஒன்று வட்டமடித்து, கீழே இழுபட்டு, சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

பவளம் இப்போதும் சாயங்காலம் கடலுக்குப் போகிறாள். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் கரையில் கணுக்காலளவுத் தண்ணீரில் நிற்கிறேன். காலைத் தொடுவது ரங்கூனில் கப்பல் ஏறியவர்கள் கடந்துவந்த அதே கடல்தான். அங்கே வெயில் நாட்களில் அவள் அம்மா சந்தனம்போல் குளிரும் தனகாக் கட்டையைக் கல்லில் உரைத்து என் நெற்றியில் பூசிவிடுவாள். அதே குளிர்ச்சியோடு பீங்கான் பீஸ் கட்டை ஒன்று என் இடுப்பு மடிப்பில் கிடக்கிறது. வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். இந்தக் கடலை நிறுத்த அது உதவாது. அலைக்கு அப்பாலிருந்து நைனா என்று குரல் வருகிறது. இப்போதெல்லாம் அந்தப் பெயருக்கு உடனே திரும்பிப் பார்க்கிறேன். கை மட்டும் இடுப்பிலேயே இருக்கிறது.