கைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

பேங்க் சுவரும் பழைய கிடங்குச் சுவரும் சந்திக்கிற மூலையில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பத்து நிமிஷம் ஒரு வெயில் விழும். எதிரே இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் இருக்கிற சந்து வழியாக வருகிற வெயில். ஒரு ஆள் உட்காரும் அளவுதான் இருக்கும். அதற்குள் யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்று அண்ணன் காமிராவோடு ஒன்பது நாள் நின்றார். முதல் நாள் ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் மேகம். பத்தாவது நாள் கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்து, சரியாக அந்த வெளிச்சத்துக்குள்ளே படியில் உட்கார்ந்தார். மடியிலிருந்த பைலின் மேல் குனிந்து, தோள் குலுங்க அழ ஆரம்பித்தார்.

அண்ணன் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அப்படியே இறக்கிவிட்டார். தன் விரிப்பு ஏணியைத் தூக்கிவந்து, அழுகிறவருக்கும் தெருவுக்கும் நடுவில் விரித்துவைத்தார். அதன்மேல் சாக்குத் துணியைத் தொங்கவிட்டு ஏறி நின்று, பக்கத்துக் கடை ஷட்டருக்கு கிரீஸ் தடவ ஆரம்பித்தார்.

"யோவ், என் ஷட்டர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"நல்லா இருக்கும்போதே பாத்துக்கணும்."

அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறவரை கிரீஸ் தடவினார். வெயிலும் போய்விட்டது. எதிர்க் கடையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வந்தபோது கேட்டாள்.

"பத்து நாளா நின்னியே, படம் கெடச்சுதாண்ணா?"

"வெளிச்சம் சரியில்லம்மா."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அண்ணனுக்குத் தொழில் கடைகளின் இரும்பு ஷட்டரைப் பழுது பார்ப்பது. ஸ்பிரிங் தளர்ந்தால் முறுக்குவார், தகடு நசுங்கினால் தட்டி நிமிர்த்துவார். வேலை முடிந்ததும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுப் பழைய பிலிம் காமிராவைத் தோளில் மாட்டிக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடியிருப்பது தங்கை வீட்டு மாடி அறையில், சாப்பாடு கீழே.

"பகல்ல பெரிய ஷட்டரு, சாயங்காலம் சின்ன ஷட்டரு. மச்சானுக்கு வேற பொழப்பே இல்ல" என்று தங்கையின் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். தெருவில் அண்ணனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். "கொக்குக்காவது தண்ணிக்குள்ள மீன் இருக்குன்னு தெரியும் மாப்பிள்ளை. எனக்கு அதுவும் தெரியாது. நிக்கிறது என் வேலை, அனுப்புறது மேல இருக்கறவர் வேலை."

தங்கைக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். காலையில் மெஷினைத் தொட்டுக் கும்பிடும்போது, தன் பிள்ளைகளுக்கு வேண்டிக்கொண்ட பிறகு, "எங்க அண்ணனுக்கும் இன்னைக்கு யாரையாவது அனுப்பி வை ஆண்டவனே" என்று சேர்த்துக்கொள்வாள்.

ஆண்டவனும் அனுப்பினார். தராசுத் தட்டை நெற்றிக்கு மேல் பிடித்து நிழல் தேடிய பழக்காரி. ஒரே கைக்குட்டையால் மூக்கையும் மூக்குக்கண்ணாடியையும் துடைத்துக்கொண்ட பேங்க் காவலாளி. தன் கடைக் கண்ணாடியில் தானே தலை சீவிக்கொண்ட முடி வெட்டுகிறவர். தெருவே அண்ணனின் அட்டைப் பெட்டிக்குள் படங்களாக இருந்தது. தங்கை மட்டும் இல்லை.

அவளுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு. மூன்றாம் வகுப்பில் யாரோ ஒருத்தி "தேங்காத் துருவி" என்று கூப்பிட, அன்றைக்கு வாய்க்குப் போன கை பிறகு இறங்கவே இல்லை. சிரிப்பு வந்தால் கை முந்திக்கொள்ளும். காமிரா என்றால் கேட்கவே வேண்டாம். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தாலும், அண்ணன் பின்னால் வந்து நின்றது அவள் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

"கையை எடும்மா."

"நீ மொதல்ல காமிராவை எடு."

"நான் இல்லைன்னு நெனச்சுக்கோயேன்."

இதுதான் அவளுக்குப் பொறுக்காது. "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுண்ணா இது! இருக்கற மனுஷனை எப்படி இல்லைன்னு நெனைக்கிறது? அபசகுனமா பேசாத. வாயைக் கழுவு."

அண்ணன் உண்மையாகவே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். வந்து மறுபடியும் நிற்பார். இப்படியே வருஷங்கள் போயின. தெருவிலே ஆள் மாற்றி ஆளாக எத்தனையோ பேர் கிடைத்தார்கள். ஒரே வீட்டுக்குள் இருந்தவளுக்குத்தான் அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

மூத்த மகள் வேலைக்காக வேறு ஊர் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, தங்கை பிடிவாதம் பிடித்தாள். "எல்லாரையும் நிக்க வச்சு ஒரு படம் எடுண்ணா."

"ரோல்ல ஒண்ணுதாம்மா பாக்கி இருக்கு. நாளைக்குப் புது ரோல் போட்டுடறேன்."

"நாளைக்கு இவ எங்க இருப்பா? ஒண்ணு போதும், எடு."

அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சரி என்றார். நாலு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல விறைத்து நின்றார்கள். தங்கை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். காமிரா ஒரு முறை சத்தம் போட்டது.

"முடிஞ்சுதா மச்சான்?" என்று அவர் மூச்சை விட்ட வேகத்தில், இடுப்புப் பித்தான் தெறித்து வாசல் கதவில் போய் மோதியது.

"காலையிலதான் நீ தச்சுக் குடுத்த! தையல்காரி புருஷனுக்கு இதுதான் கதி" என்று அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்ன தோரணையில், தங்கை சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல் முழுக்கத் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு கையும் மகளின் தோளில் இருந்தன. வாய்க்குப் போகவே இல்லை.

அண்ணன் காமிராவை உயர்த்தினார். கட்டை விரல் பிலிமைச் சுற்றுகிற கம்பியைத் தள்ளியது. கம்பி நகரவில்லை. ரோல் முடிந்திருந்தது. ஆனாலும் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், அவள் சிரித்து முடிகிறவரை அதன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா?" என்று அவள்தான் கேட்டாள்.

"அம்மா இப்படித்தான் சிரிப்பாங்க. அவங்க போறப்ப நீ கைக்குழந்தை, உனக்கு ஞாபகம் இருக்காது. அவங்க படம்னு ஒண்ணுகூட இல்ல." அவ்வளவுதான் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

அவள்தான் அன்றிலிருந்து தன்னையே நொந்துகொண்டாள். அண்ணன் நின்றார், ஆண்டவன் அனுப்பினார், நடுவில் புகுந்து கெடுத்தது நான்தானே என்று. அதற்குப் பிறகு அவர் முன்னால் கையை இறக்கப் பழகிப் பார்த்தாள். கை இறங்கியது, சிரிப்பு வரவில்லை. அம்மாவின் சிரிப்பு என்று தெரிந்த பிறகு அதை எங்கிருந்து வரவழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு அண்ணனுக்குக் கை நடுக்கம் வந்தது. ஏணி ஏறுவது நின்றது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துப் புது ரோல் போட்டு, காமிராவை வார்டுக்குக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"இப்ப எடுண்ணா. கையை வைக்கவே மாட்டேன்." நாற்காலியில் நேராக உட்கார்ந்து சிரித்துக் காட்டினாள்.

அண்ணன் பார்த்தார். "பல் டாக்டருக்குக் காட்டற மாதிரி இருக்கு. பரவால்ல, அவசரம் இல்ல."

பார்க்கிற நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். தங்கை கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

பல நாள் கழித்து ரோலைக் கழுவக் கொடுத்தாள். முப்பத்தாறில் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருந்தது. நடுங்கிய கை எடுத்த படம், கொஞ்சம் கலங்கல். வார்டு வாசலில் ஜன்னல் வெயில் சாய்வாக விழுகிறது. அதற்குள் அவள். நேரே நடந்து போயிருந்தால் வாசலைத் தாண்டும்போது முகம் தானாக வெளிச்சத்துக்குத் திரும்பியிருக்கும், வாய்க்குப் போகக் கைக்கும் வேலை இருந்திருக்காது. படத்தில் அவள் பின்னால் திரும்பி நிற்கிறாள். பதறிப்போன கண். வாயை மூடிய கை.

அந்தப் படம் இப்போது அவளுடைய மெஷின் டிராயரில், பித்தான்களோடு இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், ஏன் திரும்பினேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். திட்டத்தான் திரும்பினாள். அதற்குள் நர்ஸ் அவசரப்படுத்தியதால் திட்டக்கூட இல்லை. அவள் வாசலுக்கு இரண்டடி இருக்கும்போது, பின்னாலிருந்து அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"அங்க வெளிச்சம் நல்லா விழுதும்மா. நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு, நீ உன்பாட்டுக்குப் போ."