எட்டு டிகிரி

போன வாரம் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் பைக்கை விட்டிருந்தேன். பெட்ரோல் சொட்டுகிறது என்று பழைய ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, கிளிப்பை முறுக்கிவிட்டு, "அவ்ளோதான் சார்" என்றார். நான் குனிந்து குழாயை இழுத்துப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், மூக்கை வைத்து மோந்தும் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். எனக்கு இது பழகிவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில்கூட கேஸ் அடுப்பின் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்க்கிற ஆள் நான். என் மனைவி இப்போதெல்லாம் வாசலிலேயே எச்சரித்துத்தான் கூட்டிப் போகிறாள்.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டினோம். மாணவர்களுக்கான போட்டி அது. பைக் இன்ஜின், நாங்களே வெல்டு வைத்த குழாய்ச் சட்டம், ஒற்றை இருக்கை. எரிபொருள் என் பொறுப்பு. ஏரல் பக்கம் நெல் வயல்காரர் வீட்டுப் பிள்ளை நான். அதுவரை எனக்குத் தெரிந்த எரிபொருள் ஏற்பாடு பம்புசெட் மோட்டாருக்கு வாய் வைத்து டீசல் உறிஞ்சுவதுதான்.

கார் ஓட்ட பியூலா. சாயர்புரத்துக்காரி, அப்பா அம்மா இருவரும் வாத்தியார்கள். எங்களில் எடை குறைவு, பயமும் குறைவு. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தகடு, தகட்டுக்குப் பின்னால் என் பெட்ரோல் குழாய். நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

வெறும் ரப்பர் குழாயும் கிளிப்பும் போதும் என்றான் கேப்டன் முத்துராஜ். பம்பு தள்ளுகிற அழுத்தத்துக்கும் சைலன்சர் சூட்டுக்கும் அது தாங்காது, ஸ்டீல் பின்னிய குழாய்தான் வேண்டும், முனையில் மரை போட்ட பிட்டிங்தான் வேண்டும் என்று நான் மூன்று நாள் சண்டை போட்டேன். ஜெயித்தும் விட்டேன். ஜெயித்ததுதான் வினை.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் லூர்து அண்ணாச்சி கடை. விசைப்படகுகளுக்கும் லாரிகளுக்கும் குழாய் வெட்டி, முனையை மெஷினில் நெரித்துக் கொடுப்பார். கடைக்குள் கிரீஸும் கருவாடும் கலந்து ஒரு வாடை. பெட்ரோலுக்கு ஏற்ற குழாயே அவரிடம் இருந்தது. முனை பிட்டிங்கை எடுக்கும்போதுதான் கேட்டார்.

"தம்பி, உங்க கார்ல பிட்டிங் உக்கார்ற கூம்போட சரிவு எத்தன? முப்பத்தேழு டிகிரியா, நாப்பத்தஞ்சா?"

"மரை ஒண்ணுதான அண்ணாச்சி?"

"மரை ஒண்ணுதான். அதான் ஆளக் கவுத்திரும். முப்பத்தேழு வேணும்னா மதுரைலருந்து வரணும், ரெண்டு நாளாவும்."

என்னிடம் ரெண்டு நாள் இல்லை. மறுநாள் காலை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. சண்டை போட்டு வாங்கிய பொறுப்பு வேறு. இருப்பதைப் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காரில் இருந்தது முப்பத்தேழு. நான் வாங்கிப் போனது நாற்பத்தைந்து.

மாட்டுவதற்கு முன் காரிலிருந்த கூம்பின் மேல் நீல மார்க்கரால் பூசி, முறுக்கி, மறுபடி கழற்றிப் பார்த்தேன். ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் நீலம் அகலமாக அழிந்திருக்க வேண்டும். ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். துடைத்தேன். டெப்லான் டேப்பைச் சுற்றி, இருந்த பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன். பம்பை ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. முத்துராஜ் முதுகில் தட்டினான்.

மாப்பிள்ளையூரணியைத் தாண்டி உப்பு லாரிகள் நிற்கிற ஒரு சிமெண்ட் தளத்தை ஓட்டிப் பார்க்கக் கேட்டு வாங்கியிருந்தோம். பதினோரு மணி வெயில். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. நான் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி போன பிறகு தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றில் வளைவில் ஈரமாக ஒரு கோடு. அது காய்வதற்குள் அவள் ஐந்தாவது சுற்றுக்குப் போய்விட்டாள்.

"நிறுத்தச் சொல்லுல!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு தளத்துக்குள் ஓடினேன். அதற்குள் வாசம் அவளுக்கே எட்டியிருந்தது. சுவிட்சை அடித்து இன்ஜினை அணைத்துவிட்டாள். அணைந்த பிறகுதான் சைலன்சர் சூட்டில் பற்றியது.

அந்த வெயிலில் தீ சட்டென்று கண்ணுக்குத் தெரியவில்லை. காரின் பின்பக்கம் காற்று நெளிந்தது, பெயின்ட் கொப்பளித்தது, அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். பியூலா பெல்ட் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு பட்டை சிக்கி வரவில்லை. நான் தோளைப் பிடித்து இழுக்க, "இழுக்காதல! அங்கன கீழ, கீழ அறு!" என்றாள். அறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முத்துராஜ் தீயணைக்கிற சிலிண்டரோடு வந்து வெள்ளைப் பொடியை அடிக்க, எங்கள் இருவருக்கும் கண் தெரியாமல் போன அந்த நேரத்தில் எப்படியோ கொக்கி விட்டது.

கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில், பியூலாவின் இடது மணிக்கட்டில், ஒரு விரல் அகலம் வெந்திருந்தது.

கட்டுப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். முத்துராஜ் கொதித்தான். "அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான். ஓட்ட பிட்டிங்கத் தந்திருக்கான். வாங்கலே, போய்க் கேப்போம்." எல்லோரும் கிளம்பினார்கள். நானும் நாலு எட்டு கூடவே நடந்தேன். அந்த நாலு எட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"அவர் கேட்டாரு. நான்தான் இருக்கத குடுங்கன்னேன்" என்றேன்.

பியூலா திரும்பினாள். "சேராதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமால?"

"தெரியும்."

"நான் உள்ள உக்காரும்போதும்?"

"தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன், அறைவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. "சரியானத வாங்கி மாட்டு. மாட்டிட்டு நீ உக்காரு" என்றாள்.

முத்துராஜ் என்னோடு பேசவில்லை, ஆனால் மதுரைக்கு என்கூட பஸ் ஏறினான். இந்த முறை நீலம் அகலமாக அழிந்தது. காரைக் கல்லூரிப் பட்டறை வாசலில், முட்டுக்கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினோம். பியூலா தன் கையாலேயே என்னைப் பெல்ட்டில் கட்டினாள். ஐந்து பட்டை. கட்டி முடித்த பிறகு மூச்சு இழுக்கக்கூட இடம் இல்லை.

ஐந்து நிமிஷம் என்றாள். முத்துராஜ் ஆக்ஸிலேட்டர் கேபிளை வெளியிலிருந்து இழுத்தான். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் அலறியது. தகட்டின் அதிர்வு பல்லில் தெரிந்தது. வியர்வை முதுகில் இறங்கியபோது பெட்ரோல்தான் இறங்குகிறது என்று நினைத்தேன். கை தானாகக் கொக்கிக்குப் போனது. பியூலா கட்டுப்போட்ட கையில் போனைப் பிடித்து நேரம் பார்த்துக்கொண்டு எதிரில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம் முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி எடுத்தாள். எல்லாம் உலர்ந்திருந்தது. கடைசித் தாளை என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பெல்ட்டை அவிழ்த்தாள்.

போட்டிக்குப் போனோம். சோதனைக்காரர்கள் குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். ஓட்டத்தில் பாதியில் செயின் அறுந்து பியூலா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "செயின் ஒன் பொறுப்பில்லல்லா? பொழச்ச, போ" என்றாள்.

இப்போது அந்தச் சிமெண்ட் தளத்தில் கன்டெய்னர்கள் அடுக்கி மதில் கட்டிவிட்டார்கள். லூர்து அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பேட்டரிக் கார் கட்டுகிறார்கள். அவர்களுக்குக் குழாயும் இல்லை, சரிவும் இல்லை.

பியூலாவின் கல்யாணம் சாயர்புரத்தில் நடந்தது. கோயிலை விட்டு வெளியே வந்து போட்டோவுக்கு நிற்கும்போது, வெள்ளைக் கையுறைக்கு மேலே என் கண் போவதை அவள் பார்த்துவிட்டாள். இடது கையுறையை உருவி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். மற்ற இடத்தைப் போலவே இருந்தது. எது அந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை.

"தேடாதல. போயிருச்சி" என்றாள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் தேடினேன்.