எண்ணூர் விரைவுச் சாலையில் குதிகால் நடை

காலை ஆறு நாற்பதுக்கு இராயபுரம் ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய் கொடுத்து எண்ணூருக்குச் சீட்டு வாங்கினேன். பெட்டியில் உட்கார இடம் இருந்தது. நான் வாசலருகே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன். எனக்கு உட்காருவதுதான் சிரமம். நிற்பதும் நடப்பதும் பரவாயில்லை.

அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிகிறவன். செங்கல் சூளை, சரக்குக் கிடங்கு, திருவிழாக் கடை என்று கிடைத்த வேலையைச் செய்து, கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவேன். போன வருடம் ஒரு கிடங்கில் மூட்டையோடு குனிந்து திரும்பியபோது இடுப்பில் ஏதோ பிடித்தது. சில நாளில் அது பின்தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, சுண்டுவிரலில் போய் நின்றது. இருமினால் கூட மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்றது. காலில்தான் கோளாறு என்று காலுக்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா ஒருவர்தான் விளங்கவைத்தார். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டு இருக்கிறது. அது பிதுங்கிக் காலுக்கு இறங்கும் நரம்பின் வேரை அழுத்துகிறது. நசுங்குவது இடுப்பில், அலறுவது கால். சயாட்டிகா என்று பெயர் சொன்னார். நிறையப் பேருக்குக் கத்தி வைக்காமலே தணிந்துவிடும், படுத்தே கிடக்காதே, முடிந்த அளவு நட, படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வை, பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு உட்காராதே என்றார். நான் கிளம்பும்போது என்னைக் குதிகாலால் நடக்கச் சொல்லிப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அன்று கேட்டது எண்ணூரில் வேறொருவருக்குப் பயன்பட்டது.

ஏழே காலுக்கு எண்ணூரில் இறங்கினேன். ஷேர் ஆட்டோக்காரர் முகத்துவாரத்துக்கு இருபது ரூபாய் கேட்டார். நடந்தே போகிறேன் என்றதும், "காலை இழுத்துகினு கீறே, நடந்தா போவப்போறே?" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். போகிற வழியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கூடவே வந்தன. எத்தனை நடந்தாலும் அவை கிட்டேயும் வரவில்லை, எட்டியும் போகவில்லை. முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் மெதுவாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற நான்கு பேர் கையாலேயே மண்ணைத் துழாவி இறால் பிடித்துக் கழுத்தில் தொங்கிய கூடைக்குள் போட்டார்கள். அவர்கள் இடுப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் போல நின்று பார்த்தேன்.

பத்தரை மணி. திரும்பும்போது பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார மனமில்லாமல் விரைவுச் சாலையோரம் நடந்து எர்ணாவூர்ப் பக்கம் ஒரு டீக்கடை வரை வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சாலையின் இடது ஓரம் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நுழைவாயில் இன்னும் எத்தனையோ கிலோமீட்டர். கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு டீ வாங்கிக் கம்பத்தில் சாய்ந்து குடித்தேன்.

"குந்து நைனா, பெஞ்சு காலியாத்தானே கீது" என்றார் பக்கத்தில் நின்றவர். காக்கிச் சட்டை, கழுத்தில் சிலுவை. சேவியர் என்று பெயர் சொன்னார். இராயபுரத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது, இருபது வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறார். நான் என் கதையைச் சொன்னேன்.

"அட, இத்த ஏன் முன்னாடியே சொல்லல? எனுக்கும் அதே பேஜாரு. ஒரு மாசம் தூங்கல. காசிமேட்டாண்ட ஒர்த்தர் எண்ண போட்டு முறுக்குவாரு. மூணு வாட்டி போனேன். வலி போயே போச்சு. சுத்தமா இல்ல. உன்னியும் இட்டுகினு போறேன். வா, வண்டில ஏறு, ராயபுரத்துல எறக்கிவுட்றேன்."

"உட்கார முடியாதே."

"சீட்டுக்குப் பின்னால பெட்டு கீது. பட்துகினே வா."

அவர் முன்னால் நடந்தார். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வலது கால் சாதாரணமாக வந்தது. இடது கால் மட்டும் ஒவ்வொரு அடியிலும் தார்ச்சாலையில் டப்பென்று அறைந்தது. காலில் புதுச் செருப்பு, பின்னால் வார் வைத்தது.

"செருப்பு புதுசா?" என்றேன்.

"ரெண்டு ஜோடி மாத்திட்டேன் நைனா. இப்ப வர்ற செருப்புங்கோ சரியில்ல. நடந்துகினே இருப்பேன், எடது கால்து எங்கனா வுழுந்துடும், வுழுந்ததே தெரியாது. அதான் வாரு வச்சது வாங்கிட்டேன்."

பதினொரு மணிக்கு வரிசை நகர்ந்தது. சீட்டுக்குப் பின்னால் நான் படுத்த இடத்திலிருந்து அவர் கால்கள் தெரிந்தன. கிளட்சை மிதிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. காலை எடுக்கும்போது மட்டும் இடது கையால் முழங்காலுக்கு மேலே பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நகர்த்தி வைத்தார். அப்போது வலது கை மட்டும்தான் ஸ்டியரிங்கில் இருந்தது. நாங்கள் போனது இருபதடி தூரம். அவருக்கு அது பழகிவிட்டது, யோசிக்காமல் செய்தார். எங்களை ஒட்டி ஒரு பெண் தன் குழந்தையைப் பின்னால் வைத்து ஸ்கூட்டரில் போனாள்.

வரிசை மறுபடி நின்றதும், "கொஞ்சம் கீழே இறங்குங்க, ஒண்ணு பார்க்கணும்" என்றேன்.

சாலையோர மண்ணில் என் குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிப் பத்தடி நடந்து காட்டினேன். வலித்தது, ஆனால் இரண்டு பாதமும் எழும்பின. பின்னால் நின்ற வண்டியின் ஓட்டுநர் தேவராஜ் சன்னல் வழியே தலையை நீட்டினார். வியாசர்பாடிக்காரர், சேவியரின் நெடுநாள் தோஸ்து.

"இன்னா மாமு, வாத்து மாரி நடக்குறான். உனுக்கு வேணும்னா இன்னொரு வாத்து புடிச்சி குட்க்கட்டா?"

"நீயும் எறங்கி நட்ந்து காமி, பெரிய இவரு" என்றார் சேவியர். தேவராஜ் இறங்கித் தொப்பையைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடந்தார். நாலைந்து ஓட்டுநர்கள் கூடிச் சிரித்தார்கள். சேவியரும் சிரித்துக்கொண்டே அடியெடுத்து வைத்தார். வலது பாதம் எழும்பியது. இடது பாதம் மண்ணிலேயே கிடந்தது. மறுபடி முயன்றார். விரல்கள் அசையவே இல்லை.

"தூக்கு மாமு" என்றார் தேவராஜ். அவர் குரலில் கிண்டல் போயிருந்தது.

"தூக்கிகினுதான்டா கீறேன்."

கூடியிருந்த ஓட்டுநர்கள் குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் உடற்பயிற்சி அம்மா சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். வலி இருக்கும்வரை நரம்பு சண்டை போடுகிறது. வலி குறைந்து காலில் தெம்பும் கூடினால் குணம். வலி போய்க் காலும் மரத்து, பாதம் எழும்பவில்லை என்றால் நரம்பு சாகப் பார்க்கிறது, ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாது. மூத்திரம் அடைத்தாலோ அறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சேவியர் மூத்திரக் கோளாறும் உட்காரும் இடத்தில் மரப்பும் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்பால போலாம். வண்டிய கேட்டாண்ட வுட்டு, நாளைக்கி காலீல."

"கிளட்ச்லர்ந்து கால எட்க்கறதுக்கு கை வேணும் உனுக்கு" என்றேன். என் பேச்சிலும் அவர்கள் பாஷை ஒட்டிக்கொண்டது.

அவர் வண்டியையே பார்த்தார். "இத்த வுட்டா எனுக்கு வேற இன்னா தெரியும்?"

இந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடவோ குளிக்கவோ போகிறவர் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவார். பின்னால் நிற்பவர் முன்வண்டியை நகர்த்திவிட்டு ஓடிவந்து தன் வண்டியையும் நகர்த்துவார். இடம் பறிபோகாது. ஆனால் நுழைவாயில் வரைதான் இது செல்லும். உள்ளே போகிற சீட்டு ஓட்டுநரின் பெயரில் இருக்கும், முதலாளி வேறு ஆளை அனுப்பித்தான் ஆகவேண்டும். அப்படி வந்த ஆளே அந்த வண்டிக்கு நிரந்தர ஓட்டுநராகிவிடுவதும் உண்டு.

தேவராஜ் கையை நீட்டினார். "சாவி குடு. கேட்டு வரிக்கும் நான் இட்டாறேன். மொதலாளிக்கு நீயே போன் பண்ணு. நான் பண்ணா உன்னிய போட்டுக்குட்த்த மாரி ஆய்டும்."

சேவியர் வண்டியின் நிழலில் நின்று போன் செய்தார். இடது காலில் நிற்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினார். முதலாளி என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. எப்போதும் வண்டியிலேயே விட்டுப்போகும் சாவியை உருவி எடுத்து வந்து தேவராஜின் கையில் வைத்தார்.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ கிடைத்தது, அரசு மருத்துவமனைக்கு இருநூறு ரூபாய். திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை. சேவியர் வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒவ்வொன்றும் சுரீர் என்று இறங்கியது. அவருக்கு ஒன்றுமில்லை.

"உனுக்கு வலிக்குது இல்ல?" என்றார்.

"ஆமா."

"எனுக்கு வலிக்கல" என்றார். காலையில் கடையில் இதே செய்தியைச் சொன்னபோது அதில் பெருமை இருந்தது.

மருத்துவர் சேவியரின் கால் பெருவிரலைத் தன் விரலால் அழுத்தி, தூக்குங்கள் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். மாலைக்குள் வார்டில் சேர்த்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை எடுத்துவிடலாம், தெம்பு எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சேவியரின் மனைவி தட்டு, டம்ளர், போர்வையோடு வந்தார். வார் வைத்த செருப்பைப் பையில் போட்டுக் கட்டிலடியில் வைத்தார்.

மூன்று நாள் கழித்து, அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், விடைபெறப் போனேன். அவர் இரண்டு பாதங்களையும் போர்வைக்கு வெளியே வைத்திருந்தார்.

"ஆடுதா பாரு நைனா."

பார்த்தேன். "இன்னும் இல்லை" என்றேன்.

"நாளைக்கி பாரு" என்றார். நான் அன்றே கிளம்புவதாக அவரிடம் சொல்லியிருந்தேன்.

மதியம் வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறினேன். வடக்கே போகிற வண்டி. எண்ணூரைத் தாண்டும்போது அதே புகைபோக்கிகள் கூடவே வந்தன. எந்த ஊரை விட்டுப் போகும்போதும் கால் தானாக நடக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அத்திப்பட்டு தாண்டியதும் தேவராஜ் போனில் அழைத்தார்.

"மாமு கட்ட வெரலு ஆடுச்சுன்னு சொல்றான்பா. ஒரு மணி நேரமா அதையே பாத்துகினு கீறான்."

"நீங்க பாத்தீங்களா?"

போனில் வண்டிகளின் ஹாரன் கேட்டது. "நான் பாக்கசொல்ல ஆடல. ஆடுதுன்னு சொல்ட்டு வன்ட்டேன்."

போனை வைத்தேன். பெட்டி பாதி காலியாக இருந்தது. வாசலருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றி இரண்டு பாதங்களையும் தூக்கினேன். எழும்பின. இடுப்பிலிருந்து கிளம்பிய வலி பின்தொடை, கெண்டைக்கால் என்று வழக்கமான வழியில் இறங்கிச் சுண்டுவிரல்வரை போனது. அது போய்ச் சேரும்வரை காத்திருந்தேன்.