கௌசல்யா வீட்டு வாஷிங் மெஷின்

கணவனும் கொழுந்தனும் பாகம் பிரித்து வீட்டின் நடுவே சுவர் எழுப்பியதிலிருந்து நாகஜோதியின் காது கூர்மையாகிவிட்டது. அந்தப் பக்கம் ஓரகத்தி கௌசல்யா குக்கர் வைப்பதும் சிரிப்பதும் இவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே தெரியும். அங்கே புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியபோது இவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அது தண்ணீர் பிடிப்பதும் உருளத் தொடங்குவதும் இவளுக்கு மனப்பாடம்.

அந்த மாதம்தான் இவள் வீட்டு டிரிப் ஸ்விட்ச் தானாக விழுந்து கரண்டு போக ஆரம்பித்தது. பாதித் தையலில் மோட்டார் நின்றுவிடும். கல்யாண பிளவுஸ்கள் தேங்கின. நிலக்கோட்டைக்காரி ஒருத்தி தைக்காத துணியைத் திருப்பி வாங்கிப் போனாள். ஜன்னலில் பார்த்தால் கௌசல்யா வீட்டில் மட்டும் லைட் எரியும். நாகஜோதிக்கு வயிறும் சேர்ந்து எரியும்.

வயர்மேன் சிலுவைமுத்து இரண்டு முறை வந்து எல்லாவற்றையும் சோதித்தும் கோளாறு அகப்படவில்லை. டிரிப் ஸ்விட்சையே கழற்றிவிடச் சொன்னாள். கௌசல்யா பக்கம் அது கிடையாதே, அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்றாள். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அது ஒன்றுதான், தன் கையால் கழற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

"அப்ப அவளப் போயிக் கேளுங்கண்ணே. அவ மெஷின் உருள ஆரம்பிச்சதும் எனக்கு டப்புனு போகுது. வேணும்னே செய்றா."

"இத ஏந்தாயி முன்னாடியே சொல்லல?"

பொறாமையில் பேசுகிறாள் என்று நினைப்பார் என்றுதான் சொல்லவில்லை.

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். கௌசல்யா பொரிந்து தள்ளுவது இங்கே கேட்டது.

"அக்காதாண்ணே என்னமோ பண்றாங்க. செத்த நேரம் ஓடுது, நின்னுபோகுது. இன்னைக்கு வரைக்கும் ஒரு சேலைய முழுசாத் துவைச்சதில்ல."

தன் வீட்டில் கரண்டு போன ஆத்திரத்தில், அந்தச் சத்தமும் கூடவே நின்றதை நாகஜோதி கவனித்ததே இல்லை.

பாகம் பிரித்தபோது மீட்டரைப் பிரித்தவர்கள் கரண்டு திரும்பி வரும் நியூட்ரல் கம்பியைப் பிரிக்காமல் விட்டிருந்தார்கள். மெஷினுக்குக் கரண்டு கௌசல்யா வீட்டிலிருந்து போய், நாகஜோதி வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பியிருக்கிறது. தன் வழியே போகாத கரண்டு திரும்பி வருவதை டிரிப் ஸ்விட்ச் கசிவு என்று எடுத்துக்கொண்டு விழுந்து, அந்த வழியையும் அடைத்து இரண்டு பேர் வேலையையும் நிறுத்தியிருக்கிறது. சிலுவைமுத்து அங்கே தனி நியூட்ரல் இழுத்து, கௌசல்யாவையும் ஒரு டிரிப் ஸ்விட்ச் வாங்கச் சொன்னார்.

அன்று மதியம் இரண்டு பக்கமும் தடையில்லாமல் ஓடியது. நாகஜோதி ஊசியை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். அந்த மெஷின் உருண்டது, அலசியது, கடைசியில் விர்ரென்று சுழன்று பிழிந்தும் கொடுத்தது. பிழியும் என்பது அவளுக்குத் தெரியாது.

பையைத் தூக்கிய சிலுவைமுத்துவை வாசலில் மறித்தாள்.

"அண்ணே, எங்க பக்கத்துலயும் வாஷிங் மெஷினுக்கு ஒரு பாயின்ட் போட முடியுமா? அவளோடதவிடப் பெருசா வாங்குனாலும் தாங்கணும்."